பார்வையில்லாத பிள்ளைக்குப் பல் துலக்கப் பழக்குவது எப்படி?

கேள்வி இது. மகளுக்கு ஏழு வயது. குறைமாதத்தில் பிறந்ததால் விழித்திரை பாதிக்கப்பட்டு இரண்டு கண்ணிலும் பார்வை இல்லை. பிரஷ் வைத்தாலே ஈறில் ரத்தம் வருகிறது என்று அம்மா சொல்கிறார். சொத்தைக்காக ஒருமுறை பல் மருத்துவரிடம் கூட்டிப்போனபோது கையையும் காலையும் பிடித்துக்கொண்டு ஃபில்லிங் செய்திருக்கிறார்கள், அதிலிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தாலே அலறுகிறாளாம். வரும் ஜூனில் விடுதியுள்ள சிறப்புப் பள்ளியில் சேர்க்கப் போகிறார்கள். அவளாகவே பல் துலக்க முடியுமா, இல்லை பார்வை இல்லாத பிள்ளைகளுக்குப் பல் இப்படித்தான் இருக்குமா என்று கேட்டிருக்கிறார்.

நான் குழந்தைகள் பல் மருத்துவம் பார்ப்பவன். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இப்படித்தான் இருக்கும் என்றெல்லாம் எதுவும் இல்லை. பார்வை இல்லாததால் மட்டும் ஒரு பல்லும் சொத்தையாவதில்லை. இந்தப் பிள்ளைகளைப் பரிசோதித்த ஆய்வுகளில் சொத்தை சில ஊர்களில் மற்ற பிள்ளைகளுக்குச் சமமாக இருக்கிறது, சில ஊர்களில் கூடுதலாக இருக்கிறது. ஆனால் பல்மேல் படியும் அழுக்குப் படலமும் ஈறு வீக்கமும் மட்டும் பெரும்பாலும் எல்லா இடத்திலும் இவர்களுக்கு அதிகம். காரணம் ரொம்ப எளிது. பல் துலக்குவதை நாம் யாரும் உட்கார்ந்து பாடமாகப் படிக்கவில்லை, வீட்டில் அப்பாவும் அக்காவும் துலக்குவதைப் பார்த்து, கண்ணாடியில் நம் வாயைப் பார்த்துப் பழகினோம். அந்த வழி உங்கள் மகளுக்கு மூடியிருக்கிறது, அதற்குப் பதிலாக வேறு வழியை யாரும் திறந்துவிடவில்லை, அவ்வளவுதான். பல் மருத்துவர்கள் நாங்களும் இதில் சளைத்தவர்கள் இல்லை. அழுக்கு எங்கே இருக்கிறது என்று காட்ட ஒரு சாயம் வைத்திருக்கிறோம், தடவினால் அழுக்குள்ள இடம் சிவப்பாகத் தெரியும். சுவரில் படம், கையில் கண்ணாடி, ஒரு வீடியோ. எல்லாமே கண்ணுக்கு.

உங்கள் மகள் விஷயத்தில் கூடுதலாக ஒன்று உண்டு. பால் பற்களின் எனாமல், அதாவது பல்லின் கடினமான மேலுறை, கருவிலேயே உருவாகத் தொடங்கி, பிறந்த முதல் வருடத்தில் முடிகிறது. குறைமாதக் குழந்தைகளுக்கு அந்த நேரத்தில்தான் மூச்சுத் திணறல், தொற்று, கால்சியம் குறைவு என்று எல்லாம் வருகிறது. அதனால் எனாமல் சில இடங்களில் மெலிந்தோ குழிகுழியாகவோ உருவாகலாம், அப்படிப்பட்ட பல்லில் சொத்தை சீக்கிரம் பிடிக்கும். செயற்கைச் சுவாசத்துக்கான குழாய் பல நாள் வாயில் இருந்திருந்தால் மேல் முன்பல் ஒன்றிரண்டில் பள்ளமும், மேலண்ணம் ஒடுங்கி உயர்ந்திருப்பதும் பார்க்கலாம். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் முளைக்கும் நிலைக் கடைவாய்ப் பல்லின் எனாமலும் பிறக்கும் சமயத்தில்தான் உருவாகத் தொடங்குகிறது, ஆகவே அந்த நான்கு பற்களையும் மருத்துவர் ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். அது பால் பல், விழுந்துவிடும் என்று விட்டுவிடுகிற வீடுகள் ஏராளம். அது விழாது, அதற்குப் பிறகு அந்த இடத்தில் இன்னொன்று முளைக்கவும் செய்யாது.

இப்போது ரத்தம். ஈறில் ரத்தம் வந்தால் பெரும்பாலான அம்மாக்கள் செய்வது பிரஷை நிறுத்திவிட்டு விரலால் தேய்த்துவிடுவது. நீங்களும் அதைத்தான் செய்கிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். ஈறு ஓரத்தில் அழுக்கு தங்கியிருப்பதால்தான் ஈறு வீங்குகிறது, வீங்கியதால்தான் தொட்டதும் ரத்தம் வருகிறது. அந்த இடத்தைத் துலக்காமல் விட்டால் வீக்கம் கூடும். டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ ஆய்வாளரும் அவர் கூட்டாளிகளும் 1965இல் ஒரு சோதனை செய்தார்கள். ஆரோக்கியமான ஈறுள்ள ஆட்களைப் பல் துலக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். பத்து நாளிலிருந்து மூன்று வாரத்துக்குள் எல்லாருக்கும் ஈறு வீங்கியது, மறுபடி துலக்க ஆரம்பித்ததும் சில நாட்களிலேயே சரியாகிவிட்டது. உங்கள் மகளுக்கும் அதே கணக்குதான். மிருதுவான, தலை சிறிய பிரஷ், ஈறும் பல்லும் சேரும் இடத்தில் மெதுவாக, தினம் இரண்டு வேளை. முதல் சில நாள் ரத்தம் வரும், பிறகு குறையும். இரண்டு வாரமாகியும் குறையவில்லை என்றாலோ, பிரஷ் படாமலேயே ரத்தம் கசிந்தாலோ, உடம்பில் காரணமில்லாத நீலத்தழும்புகள் இருந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

ஏழு வயது என்பதால் ஆடும் பல்லைச் சுற்றியும் ரத்தம் வரும். இதைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே பேசியிருக்கிறீர்களா? மற்ற பிள்ளைகள் ஓட்டைப்பல் நண்பர்களைப் பார்த்தே தெரிந்துகொள்வார்கள். இவளுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், ஒருநாள் சாப்பிடும்போது வாய்க்குள் கடினமாக ஏதோ ஒன்று கழன்று வரும், வாயெல்லாம் உப்புக் கரிக்கும், பக்கத்தில் யாரோ "ஐயோ ரத்தம்" என்று கத்துவார்கள். பெரியவர்களுக்கே பயம் வரும். ஆடும் பல்லை அவள் விரலாலேயே தொட்டு ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், விழுந்த பல்லைக் கழுவி அவள் கையில் கொடுங்கள், கூரைமேல் எறிவதெல்லாம் அப்புறம்.

சரி, துலக்கப் பழக்குவது. முடியும், நன்றாகவே முடியும். பிரெயில் புள்ளிகளைத் தடவி எழுத்தைப் பிரித்தறியும் விரல்களுக்கு ஒரு பிரஷைக் கையாளத் தெரியாதா என்ன. கர்நாடகத்தின் பெலகாவியில் ஹெப்பால், அங்கோலா என்ற இரண்டு பல் மருத்துவர்கள் 2012இல் இதற்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள்: முதலில் காதால் கேட்பது, பிறகு தொட்டு உணர்வது, பிறகு தானே செய்வது. அதை வீட்டுக்கு ஏற்றபடி எப்படிச் செய்வது என்று சொல்கிறேன்.

பிரஷை வாயில் வைப்பதற்கு முன்னால் அவளுக்குத் தன் வாய் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். கோதுமை மாவு பிசையும்போது கொஞ்சம் எடுத்து குதிரை லாடம் மாதிரி வளைத்து, அதில் ராஜ்மாவையோ மொச்சையையோ வரிசையாகக் குத்தி நிறுத்தினால் ஒரு தாடை தயார். இது முன்பக்கம், இது பின்பக்கம், இது மெல்லும் மேடு, இதோ பல் சதைக்குள் இறங்கும் இடம், இங்கேதான் அழுக்கு ஒளிந்துகொள்ளும் என்று விரலைப் பிடித்துக் காட்டுங்கள். பிறகு அதே விரலைக் கழுவிவிட்டுத் தன் வாய்க்குள் விட்டுப் பார்க்கட்டும். பிறகு நாக்கு. காலையில் துலக்குவதற்கு முன் நாக்கால் பல்லைத் தடவச் சொன்னால் சொரசொரப்பாக, பாசி பிடித்தது போலத் தெரியும், துலக்கிய பின் வழுவழுப்பாக இருக்கும். இந்த வித்தியாசம் ஒன்றை அவள் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது, ஏனென்றால் அதன் பிறகு "நன்றாகத் துலக்கினாயா" என்று யாரும் கேட்டுச் சரிபார்க்க வேண்டியதில்லை, அவளே தடவிப் பார்த்துச் சொரசொரப்பு மிச்சமிருக்கும் இடத்துக்கு மறுபடி போவாள். நம் சிவப்புச் சாயம் செய்கிற அதே வேலையை நாக்கு செய்கிறது.

கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவள் கைமேல் உங்கள் கையை வைத்து அமுக்கி இயக்காதீர்கள், உங்கள் கை பிரஷைப் பிடித்திருக்க, அவள் கை உங்கள் கைமேல் இருக்கட்டும். பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் பொதுவாக இப்படித்தான் செய்வார்கள். வேண்டாம் என்று தோன்றினால் அவள் கையை எடுத்துக்கொள்ளலாம், மாட்டிக்கொண்டோம் என்ற பயம் இருக்காது. பின்னால் நின்று, அவள் தலை உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்கும்படி வைத்துத் துலக்கினால் உங்கள் கை போகும் திசையும் அவள் கை போகும் திசையும் ஒன்றாக இருக்கும், எதிரே நின்றால் எல்லாம் தலைகீழ். கொஞ்ச நாளில் பிரஷ் அவள் கைக்கு மாறட்டும், உங்கள் கை மேலே லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும்.

வரிசை மாறவே கூடாது. கீழே வலது கடைவாயின் வெளிப்பக்கம் தொடங்கி முன்பல் வழியாக இடது கடைவாய்; அங்கேயே உள்ளே திரும்பி உள்பக்கமாக வலது வரைக்கும்; பிறகு மெல்லும் மேடு. அதே போல மேல் வரிசை. ஒவ்வொரு இடத்திலும் சின்னச் சின்ன வட்டமாகப் பத்து எண்ணிவிட்டு அடுத்த இடம். எண்ணுவது பிடிக்கவில்லை என்றால் பாட்டு, ஆனால் தினமும் ஒரே பாட்டு, எந்த வரி வரும்போது எந்தப் பக்கம் என்று அவளுக்கே மனப்பாடமாகிவிடும். பெரும்பாலும் கீழ் முன்பல்லின் உள்பக்கத்தையும் மேல் கடைவாயின் கன்னத்துப் பக்கத்தையும்தான் பிள்ளைகள் விட்டுவிடுவார்கள் (பெரியவர்களும்தான்). இரண்டு நிமிடம் அதிர்ந்து தானே நிற்கும் பேட்டரி பிரஷ் சில பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும், சிலர் அந்த அதிர்வுக்கே மிரள்வார்கள். வாங்குவதானால் முதலில் உள்ளங்கையிலும் கன்னத்திலும் வைத்துப் பழக்கிவிட்டு வாய்க்குக் கொண்டுபோங்கள்.

பேஸ்ட்டைப் பிரஷ்மேல் வைப்பதுதான் பெரிய தலைவலி என்று எல்லாரும் சொல்வார்கள். பிரஷ்மேல் ஏன் வைக்க வேண்டும்? சுத்தமான ஆள்காட்டி விரல் நுனியில் பட்டாணி அளவு பிதுக்கி, அந்த விரலால் பல்லில் தடவிவிட்டுத் துலக்கினால் போயிற்று. எவ்வளவு வந்திருக்கிறது என்பது விரலுக்குத் தெரியும், கீழே சிந்தாது. பேஸ்ட்டில் சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு 1000 பிபிஎம் அளவு இருக்கிறதா என்று அட்டையில் பாருங்கள், குழந்தைகளுக்கென்று பொம்மை போட்டு விற்கும் சிலவற்றில் அதில் பாதிகூட இருப்பதில்லை. மூன்று வயதுக்குக் கீழே என்றால் அரிசி அளவு, அதற்கு மேல் பட்டாணி அளவு. தருமபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் போர்த் தண்ணீர் குடிப்பவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அங்கே பல இடங்களில் தண்ணீரிலேயே ஃபுளோரைடு அதிகம். துலக்கி முடித்ததும் துப்பினால் போதும், செம்பு செம்பாகத் தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடும் சேர்ந்து போய்விடும். துப்புவதையும் பழக்க வேண்டும், ஏனென்றால் உதட்டைக் குவித்துத் துப்புவதை அவள் பார்த்ததே இல்லை. வெறும் தண்ணீரை வைத்து, பேசினின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பழகட்டும்.

இதெல்லாம் வந்துவிட்டாலும் இரவு ஒருவேளையாவது நீங்கள் கூட நின்று விட்டுப்போன இடத்தைத் துலக்கிவிடுங்கள். பார்வையுள்ள பிள்ளைகளுக்கே எட்டு வயது வரை பெரியவர் உதவி வேண்டும்.

அடுத்து சாப்பாடு, இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. "பாவம், கண்ணு தெரியாத புள்ள" என்று வருகிறவர் போகிறவர் எல்லாம் கையில் ஒரு சாக்லேட்டைத் திணித்துவிட்டுப் போவார்கள். தாத்தா பாட்டிதான் இதில் முதல் குற்றவாளிகள். எவ்வளவு இனிப்பு என்பதைவிட ஒரு நாளில் எத்தனை முறை என்பதுதான் பல்லுக்கு முக்கியம், ஒவ்வொரு முறையும் வாயில் அமிலம் உருவாகி அடங்க அரைமணி நேரம் போல ஆகும். காலை பிஸ்கட், பத்து மணிக்கு மிட்டாய், சாயங்காலம் கேக், படுக்கும்போது சர்க்கரைப் பால் என்றால் பல்லுக்கு ஓய்வே கிடையாது. இனிப்பைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள், நடுவில் கொய்யா, வேர்க்கடலை, சுண்டல் என்று போகட்டும். இன்னொன்று, பார்வையில்லாத பிள்ளைகள் பலர் சாப்பாட்டை முன்கூட்டிப் பார்க்க முடியாததால் புதிதாகக் கட்டியாக எது வாய்க்கு வந்தாலும் துப்பிவிடுவார்கள், வீட்டிலும் பயந்துபோய் வருடக்கணக்காக மிக்ஸியில் அடித்தே ஊட்டுவார்கள். குழைந்த சாதம் கன்னத்துக்குள் ஒதுங்கிக் கிடந்தால் சொத்தைக்கு அதைவிட வசதி வேறென்ன. சாப்பிடும் முன் கையால் தொட்டுப் பார்க்க விடுங்கள், முகர விடுங்கள், கேரட் துண்டு, சப்பாத்தி என்று மெல்லப் பழக்குங்கள்.

மருத்துவமனைப் பயம். கையைக் காலைப் பிடித்து நடந்த சிகிச்சையை ஒரு நிமிடம் அவள் இடத்திலிருந்து நினைத்துப் பாருங்கள். நாற்காலி திடீரென்று பின்னால் சாய்கிறது, ரப்பர் வாசனையடிக்கும் விரல்கள் எந்த அறிவிப்பும் இல்லாமல் வாய்க்குள் வருகின்றன, காதருகே இரைச்சல், தொண்டையில் தண்ணீர், தெரியாத குரல்கள் அவள் தலைக்கு மேலே அவளைப் பற்றியே பேசிக்கொள்கின்றன. அலறாமல் என்ன செய்வாள்? குழந்தைப் பல் மருத்துவத்தில் சொல்லி, காட்டி, பிறகு செய்வது என்று ஒரு பழைய முறை உண்டு. இவர்களுக்கு அதில் நடுவில் இருக்கும் காட்டுவதைத் தொட வைப்பதாக மாற்றிக்கொள்ள வேண்டும். நல்ல மருத்துவர் என்றால் முதல் நாள் எதுவும் செய்யமாட்டார். நாற்காலியைச் சுற்றித் தடவ விடுவார், சாய்க்கும் முன் "இப்போது பின்னால் போகப் போகிறது" என்பார், வாய் பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுப்பார், காற்றையும் தண்ணீரையும் முதலில் உள்ளங்கையில் அடித்துக் காட்டுவார், உறிஞ்சும் குழாயை விரல் நுனியில் வைத்துச் சத்தத்தோடு பழக்குவார். மருந்து கசக்குமா புளிக்குமா என்பதையும் சொல்லிவிட்டுத்தான் வைப்பார். வேலை நடக்கும்போது பேசிக்கொண்டே இருப்பார், ஏனென்றால் குரல் நின்றால் அவர் போய்விட்டாரா, அடுத்து என்ன வரப்போகிறது என்று பிள்ளை இறுகிவிடும்.

நீங்கள் செய்யக்கூடியது: முன்னாலேயே போன் செய்து விஷயத்தைச் சொல்லிக் கூட்டமில்லாத நேரம் கேளுங்கள். "ஒண்ணுமே பண்ணமாட்டாங்க, சும்மா பார்ப்பாங்க" என்று பொய் சொல்லி அழைத்துப் போகாதீர்கள். அவள் உங்கள் முகத்தைப் பார்த்து நம்பவில்லை, உங்கள் குரலை வைத்துத்தான் நம்புகிறாள், அது ஒருமுறை பொய்த்தால் அடுத்த தடவை எதுவும் எடுபடாது. மருத்துவர் உங்களிடம் மட்டும் பேசினால், "அவளிடமே சொல்லுங்கள் டாக்டர்" என்று தயங்காமல் சொல்லுங்கள். மரத்துப்போக ஊசி போட்டால் உதடு வீங்கிவிட்டது போலத் தோன்றும் என்று முன்பே சொல்லி, உணர்வு திரும்பும்வரை இரண்டு மூன்று மணி நேரம் கண்காணியுங்கள். மரத்த உதட்டைக் கடித்துக் கடித்துப் பார்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. பார்வை இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மயக்க மருந்து கொடுத்து எல்லாப் பல்லையும் ஒரே நாளில் முடித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் உடனே சம்மதிக்காமல் இன்னொரு குழந்தைப் பல் மருத்துவரிடம் கேளுங்கள். சில பிள்ளைகளுக்கு அது தேவைதான், ஆனால் பார்வையின்மை அதற்கான காரணம் இல்லை.

கண் மருத்துவத் தாள்களைக் கூடவே எடுத்துப் போங்கள். பயத்தைக் குறைக்கச் சில இடங்களில் நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு கொடுப்பார்கள். விழித்திரை அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் வாயு நிரப்பியிருந்தால் அது கரையும்வரை, அதாவது வாரக்கணக்கில், இந்த வாயுவைக் கொடுக்கவே கூடாது. உள்ளே இருக்கும் குமிழ் விரிந்து கண் அழுத்தம் ஏறிவிடும்.

வேறு காரணத்தால் பார்வை இழந்த பிள்ளைகளின் பெற்றோரும் இதைப் படிப்பார்கள் என்பதால் சுருக்கமாகச் சில. கர்ப்பத்தில் ருபெல்லா தாக்கிக் கண்புரையோடு பிறந்த பிள்ளைக்கு இதயக் கோளாறும் இருக்கலாம், பல் பிடுங்கும் முன் ஆன்டிபயாடிக் தேவையா என்று இதய மருத்துவரைக் கேட்க வேண்டும். கண்புற்றுக்குச் சிறுவயதில் கீமோவோ கதிர்வீச்சோ வாங்கியிருந்தால் சில நிலைப்பற்கள் உருவாகாமலே போகலாம், வேர் குட்டையாகலாம். ஆக்ஸன்ஃபெல்ட் ரீகர் என்று ஒரு மரபணுக் கோளாறில் கண் அழுத்த நோயோடு பற்கள் குறைவாகவும் கூம்பு போலவும் முளைக்கும். வெளிச்சம் கூசும் பிள்ளைகளுக்குக் கறுப்புக் கண்ணாடியைப் போட்டபடியே சிகிச்சை செய்யலாம், கழற்றச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கொஞ்சம் பார்வை மிச்சமிருப்பவர்களுக்கு வெள்ளை பேசின் அருகே அடர் நிறப் பிரஷ் நல்லது.

எங்கே போவது என்றால், மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகங்களில் இருக்கும் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் முதலில் கேளுங்கள். 2013இல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தில் 18 வயது வரை பல்லும் அடக்கம், குறைமாத விழித்திரைப் பாதிப்பும் அடக்கம். பல் மருத்துவக் கல்லூரிகளில் குழந்தைகள் பல் பிரிவு தனியாக இருக்கும்; சென்னை, கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் அரசுக் கல்லூரியே இருக்கிறது. புதிதாக முளைத்த கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை அடைக்கும் சீலண்ட், வருடத்துக்கு இரண்டு முறை பல்மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷ், இந்த இரண்டையும் நீங்களே வாயைத் திறந்து கேளுங்கள். இரண்டுக்கும் ஊசியும் இல்லை, டிரில்லும் இல்லை, பயந்த பிள்ளைக்கு நல்ல தொடக்கம்.

விடுதிக்கு அனுப்பும்போது பிரஷ் கைப்பிடியில் ஒரு ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள், பத்துப் பிரஷுக்கு நடுவிலும் தன்னுடையதைக் கண்டுபிடிப்பாள். மாற்றுப் பிரஷிலும் அதே அடையாளம் இருக்கட்டும். பேஸ்ட்டும் தனியாக. பல விடுதிகளில் காலை மட்டும்தான் துலக்கும் பழக்கம், இரவும் உண்டு என்று வார்டனிடம் பேசிவிடுங்கள். பிறந்தநாள் கொண்டாட வருபவர்கள் கொண்டுவரும் கேக்கையும் லட்டுவையும் யாராலும் தடுக்க முடியாது, சாப்பாட்டு நேரத்தில் பரிமாறச் சொல்லிப் பார்க்கலாம்.

வார்டனிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது அடிபடுவதைப் பற்றி. மேல் முன்பக்க நிலைப்பல் இரண்டும் இப்போதுதான் முளைக்கின்றன, பாதி திறந்த கதவு, மாடிப்படி, குழாயடி என்று மோதிக்கொள்ள இடத்துக்குக் குறைவில்லை. நிலைப்பல் முழுசாகக் கழன்று விழுந்தால் வேர்ப்பகுதியைத் தொடாமல் மேல் பகுதியைப் பிடித்து எடுத்து, மண் ஒட்டியிருந்தால் பாலிலோ சலைனிலோ லேசாக அலசி, முடிந்தால் அந்தக் குழியிலேயே திரும்பப் பொருத்திவிட்டு ஒரு துணியைக் கடிக்கச் சொல்ல வேண்டும். அந்தத் துணிச்சல் இல்லையென்றால் பாலில் போட்டு உடனே கிளம்ப வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் போனால் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு. தண்ணீரில் போட்டு வைக்கக் கூடாது, தேய்த்துக் கழுவவும் கூடாது. பால் பல்லாக இருந்தால் திரும்பப் பொருத்தக் கூடாது, ஆனாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பல் உடைந்து துண்டு மட்டும் கிடைத்தால் அதையும் பாலில் போட்டுக் கையோடு எடுத்துப் போகச் சொல்லுங்கள், பல நேரங்களில் அதே துண்டை ஒட்டிவிடலாம்.